ஆண்டிபட்டி தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி உட்கார்ந்தால், உசிலம்பட்டி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிடுவார். ஆண்டிபட்டி என்று சொன்னதும் பெரியவராக இருந்தால் "ஓ, எம்.ஜி.ஆர். தொகுதி!" என்பார். கொஞ்சம் வயது குறைந்தவர் "அம்மா நின்ன ஊரு" என்பார். காலேஜ் பையன் என்றால் "அண்ணன் தம்பி மோதுனாங்களே, அதுதானே?" அதற்குப் பிறகு கணவாய் இறங்கும் வரை கேள்விதான். இத்தனை வருஷமாக ஒரே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். 1980 முதல் 2021 பொதுத்தேர்தல் வரையிலான கதை இது.

ஆண்டிபட்டி மதுரை மாவட்டமா, தேனி மாவட்டமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க.

இப்போது தேனி. மதுரை மாவட்டத்திலிருந்து தேனியைப் பிரித்தது 1996இல். ஆகவே எம்.ஜி.ஆர். நின்றபோது இது மதுரை மாவட்டம், ஜெயலலிதா நின்றபோது தேனி மாவட்டம். பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேருமே சரிதான்.

ஊர் பேரூராட்சிதான், நகராட்சி கிடையாது. ஏட்டில் பெயர் ஆண்டிபட்டி ஜக்கம்பட்டி. நாங்கள் வாய்க்கு வந்தபடி சக்கம்பட்டி என்போம். அந்தப் பக்கம் நடந்தால் தறிச்சத்தம் கேட்கும். பருத்திச் சேலை நெசவு அங்கேயும், பக்கத்து டி.சுப்புலாபுரத்திலும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தறிக்குழியில் இறங்கி நாடாவைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளாத தேர்தலே இல்லை.

தொகுதின்னா ஆண்டிபட்டி ஊர் மட்டும்தானா?

ஊர் அதில் ஒரு சின்னப் பகுதி. வாக்காளர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு, அதற்கும் மேலே மூல வைகை புறப்படுகிற மலைக்காடு எல்லாம் இதற்குள் வருகின்றன. உத்தமபாளையம் வட்டத்திலிருந்தும் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. மேகமலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் ஹைவேவிஸ் எங்கள் தொகுதிதான் என்றால் பலர் நம்புவதில்லை. பஸ்ஸில் போவதென்றால் தேனி போய், சின்னமனூர் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும்.

வைகை அணையும் எங்களிடம்தான். 1959 ஜனவரியில் காமராஜர் முதல்வராக இருந்தபோது திறந்தது. தண்ணீர் தேக்கும் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் அபாய அறிவிப்பு, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. சங்கு ஊதினால் கீழே மதுரை வரைக்கும் கரையோரம் உஷாராகும். தண்ணீர் போவதும் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்கே. அணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆண்டிபட்டி வட்டாரத்துக் காடுகள் மானாவாரி. எங்கள் ஊர்த் தேர்தல் பேச்சில் பாதி தண்ணீராகவும், வருசநாட்டுப் பக்கம் மீதிப் பாதி பட்டாவாகவும் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தேனி தொகுதியும் ஆண்டிபட்டி தொகுதியும் வேற வேறயா?

தேனி என்பது இன்று மக்களவைத் தொகுதி. சோழவந்தான், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதற்குள் அடக்கம். ஆண்டிபட்டியின் எண் 198, பொதுத்தொகுதி. பக்கத்துப் பெரியகுளம் தனித்தொகுதி.

தேனி என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி ஒன்றும் இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அதைக் கலைத்துவிட்டார்கள். அப்போதே பெரியகுளம் மக்களவைத் தொகுதி தேனி மக்களவைத் தொகுதியாக மாறியது. குழப்பத்துக்கு வேர் இதுதான்.

இங்க ஜெயிச்ச முதல் சினிமாக்காரர் எம்.ஜி.ஆர்.தானே?

இல்லை. அவருக்கு முந்தின தேர்தலிலேயே, 1980இல், எஸ்.எஸ்.ராஜேந்திரன் அதிமுக சார்பில் இங்கே ஜெயித்தார். 'லட்சிய நடிகர்' எஸ்.எஸ்.ஆர். சொந்த ஊர் சேடபட்டி, கணவாய்க்கு அந்தப் பக்கம். 1962இலேயே திமுக சார்பில் தேனியில் வென்று சட்டசபைக்குப் போனவர். பெரிய பெயர்கள் ஆண்டிபட்டியைத் தேடி வரத் தொடங்கியது அவரோடுதான். ஆனால் எஸ்.எஸ்.ஆர். பெயரை இன்றைக்கு யாரும் எடுப்பதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல படுத்துக்கிட்டே ஜெயிச்சாராமே? ஆளே வராம மனு எப்படிச் செல்லும்?

ஜெயித்தது உண்மை. 1967, 1971இல் பரங்கிமலை, 1977இல் அருப்புக்கோட்டை, 1980இல் மதுரை மேற்கு என்று நின்றவர் 1984இல் ஆண்டிபட்டிக்கு மாறினார். அந்த அக்டோபர் 5 அன்று சென்னை அப்போலோவில் சேர்ந்து, நவம்பர் 5 அன்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். நியூயார்க் புரூக்ளினில் மருத்துவமனை. இடையில் அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். மக்களவைக்கும் சட்டசபைக்கும் சேர்த்தே தேர்தல் வந்தது, இங்கே வாக்குப்பதிவு டிசம்பர் 24.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. வேட்புமனுவை வேட்பாளரே நேரில் கொடுக்கவேண்டும் என்பதில்லை, முன்மொழிபவரும் கொடுக்கலாம். வேட்பாளர் எடுக்கவேண்டிய உறுதிமொழியை, அவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் எடுத்துக்கொள்ளலாம். பிரச்சாரத்துக்கு வேட்பாளர் வந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பிரச்சாரத்தை வீடியோ பார்த்துக்கொண்டது. 'தலைவர் உயிரோடு இல்லை' என்ற வதந்திக்குப் பதிலாக, ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் காட்சிகளைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் தெருவில் டி.வி. பெட்டியை மேஜைமேல் வைத்திருந்தார்கள். படம் ஓடி முடிந்ததும் கிழவிகள் எழுந்திருக்கவில்லை, இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். 30 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 1985 பிப்ரவரி 4 அன்று நாடு திரும்பி, 10ஆம் தேதி முதல்வராகப் பதவி ஏற்றார்.

அவர் இறந்ததும் இங்க இடைத்தேர்தல் நடந்துச்சா?

நடக்கவில்லை. அவர் இறந்தது 1987 டிசம்பர் 24, அதாவது எங்கள் ஊர் அவருக்கு ஓட்டுப் போட்ட அதே தேதி, சரியாக மூன்று வருஷம் கழித்து. ஜானகி அம்மையார் முதல்வரானார். 1988 ஜனவரி கடைசியில் அந்த ஆட்சி கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சட்டசபையே இல்லாதபோது இடைத்தேர்தல் ஏது? 1989 ஜனவரி பொதுத்தேர்தலில்தான் ஆண்டிபட்டிக்கு அடுத்த எம்.எல்.ஏ. வந்தார்.

எம்.ஜி.ஆர். தொகுதியிலயே அவர் மனைவி தோத்தது எப்படி?

கட்சி இரண்டாக உடைந்திருந்தது. இரட்டை இலை முடங்கி, ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் சின்னங்கள். ஆண்டிபட்டியில் ஜானகி நேரடியாக நின்றார், எதிர்த்துச் சேவல் அணியும் ஆளை நிறுத்தியது. இரட்டை இலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்தியவர்கள் வாக்குச்சீட்டில் அதைக் காணாமல் திகைத்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஓட்டு இரண்டாகப் பிரிய, திமுகவின் ஆசையன் வென்றார்.

அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா ஜெயித்தார். எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்ற வழக்குக்கு எங்கள் மாவட்டத்து இரண்டு தொகுதிகள் எழுதிய தீர்ப்பு அது என்றுதான் நான் பார்க்கிறேன். ஜானகி அதோடு அரசியலிலிருந்து ஒதுங்கினார், அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்ப வந்தது.

அதுக்கப்புறம் நேரா ஜெயலலிதாவா?

நடுவில் இரண்டு தேர்தல் உண்டு. 1991இல் அதிமுகவின் தவசி, 1996இல் மறுபடி திமுகவின் ஆசையன். இவர்கள் காலத்தில் ஆண்டிபட்டி மற்ற தொகுதிகளைப் போல ஒரு தொகுதி, சென்னைப் பத்திரிகைகள் எட்டிப் பார்க்கவில்லை.

2001-ல ஜெயலலிதா மனுவைத் தள்ளிட்டாங்களே, அப்ப அதிமுக சார்பா யார் நின்னா?

டான்சி என்ற அரசுச் சிறுதொழில் நிறுவனத்தின் நில வழக்குகளில் 2000 அக்டோபரில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடத்தில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் அங்கே குறுக்கே வந்தது.

பெரிய கட்சிகள் எப்போதும் கூடவே ஒரு மாற்று வேட்பாளரையும் மனு போடச் சொல்லும். அசல் மனு தள்ளுபடியானால் மாற்று நிற்பார். பெரும்பாலும் அந்த ஆள் மறுநாள் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார், பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. 2001இல் ஆண்டிபட்டியின் மாற்று வேட்பாளர் தங்க தமிழ்ச்செல்வன். நின்றார், வென்றார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

எம்.எல்.ஏ. ஆகாமலே முதலமைச்சர் ஆகலாமா?

ஆறு மாதம் வரைக்கும் ஆகலாம், அதற்குள் சபை உறுப்பினராக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 164(4). அதை வைத்துத்தான் 2001 மே 14 அன்று ஜெயலலிதா பதவி ஏற்றார். ஆனால் அந்த ஆறு மாதச் சலுகை, நிற்கத் தகுதி இருந்து இன்னும் நிற்காதவருக்குத்தான், தகுதி இழந்தவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று சொல்லிவிட்டது. அன்றைக்கே ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். அவர் பக்கத்துத் தொகுதியான பெரியகுளத்து எம்.எல்.ஏ.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் பதவியை விட்டு விலகி இடம் கொடுத்தார், பிறகு மாநிலங்களவைக்குப் போனார். 2002 பிப்ரவரி 21 இடைத்தேர்தலில் 41 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்ற ஜெயலலிதா, மார்ச் 2 அன்று மீண்டும் முதல்வர். எங்கள் ஊரில் அந்த ஒரு மாதம் லாட்ஜில் அறை கிடைக்கவில்லை. அமைச்சர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

2006-ல அம்மாவை எதிர்த்து நின்ன சீமான், நாம் தமிழர் சீமானா?

இல்லவே இல்லை. அவர் திமுக வேட்பாளர், பெயர் ஒற்றுமை அவ்வளவுதான். நாம் தமிழர் கட்சி அப்போது தொடங்கவே இல்லை. ஜெயலலிதா அவரை 25 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார், ஆனால் மாநிலத்தில் ஆட்சி திமுகவுக்குப் போனது.

அப்புறம் ஏன் ஸ்ரீரங்கம் போயிட்டாரு?

2011இல் தன் முன்னோர் ஊர் என்று சொல்லி ஸ்ரீரங்கத்தில் நின்றார். இங்கே மறுபடி தங்க தமிழ்ச்செல்வன். 2011, 2016 இரண்டு முறையும் திமுகவின் மூக்கையாவை வென்றார்.

ரெண்டு முதலமைச்சரைக் குடுத்த ஊரு. தங்கத்துல ரோடு போட்டிருப்பாங்களே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேறு மாவட்டத்துக்காரர்கள். வந்தவற்றை இல்லையென்று சொல்லக்கூடாது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி, பெயர் தேனி என்றாலும், இருப்பது ஆண்டிபட்டி வட்டத்தில் க.விலக்கில். கண்டமனூருக்கு ரோடு பிரிகிற இடம், அதனால் கண்டமனூர் விலக்கு, சுருக்கி க.விலக்கு. ஜெயலலிதா எங்கள் எம்.எல்.ஏ.வாகவும் முதல்வராகவும் இருந்தபோது கிடைத்தது. முன்பெல்லாம் நெஞ்சுவலி என்றால் மதுரைக்குக் கணவாய் ஏறவேண்டும். இன்று வருசநாட்டிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிடும். ஓட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இங்கே வந்ததில்லை.

மறுபக்கம், மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்ப ஓடியது 2022 மே மாதம். ரயில்வே மத்திய அரசு விஷயம், எம்.எல்.ஏ. கையில் இல்லை என்பார்கள். சரிதான். ஆனால் அந்தப் பதினொரு வருஷத்தில் 'விஐபி தொகுதி' என்ற பட்டத்தை வைத்து ஒரு பெட்டிகூட இழுக்க முடியவில்லை. முதல்வர் எம்.எல்.ஏ.வாக இருந்தால் கோப்பு வேகமாக நகரும், உண்மை. ஆனால் வாசலில் போய் நின்று 'தெருக்குழாயில் தண்ணி வரலை' என்று சொல்ல ஆள் இருக்காது.

2017-க்கு அப்புறம் உங்களுக்கு எம்.எல்.ஏ.வே இல்லாம இருந்துச்சாமே? ஆறு மாசத்துல தேர்தல் வைக்கணுமில்ல?

ஆமாம், ஏறக்குறைய 20 மாதம். ஜெயலலிதா மறைவுக்குப் பின் டி.டி.வி.தினகரன் பக்கம் போன எம்.எல்.ஏ.க்கள், முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவு இல்லை என்று 2017 ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் கட்சித் தாவல் சட்டப்படி 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார்.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் தேர்தல் என்பது பொது விதி. ஆனால் வழக்கு நடந்ததால் இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்து வைத்தது. 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். நடுவில் தங்க தமிழ்ச்செல்வனே வழக்கை வாபஸ் வாங்கப் போவதாகச் சொன்னார், தொகுதிக்கு எம்.எல்.ஏ. வேண்டுமே என்று. மேலே எம்.ஜி.ஆர். கேள்வியில் சொன்ன காலியிடத்தில் மாநிலம் முழுக்கவே சபை இல்லை. 2017இல் சபை கூடிக்கொண்டே இருந்தது, எங்கள் நாற்காலி மட்டும் காலி. பேச்சில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு இந்தத் தொகுதி வரலாற்றிலேயே உறுத்துகிற பகுதி அதுதான்.

அண்ணன் தம்பி சண்டை நிஜமா, செட்டப்பா?

2019 இடைத்தேர்தலில் திமுகவுக்கு அண்ணன் மகாராஜன், அதிமுகவுக்குத் தம்பி லோகிராஜன். அண்ணன் 12 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 2021இல் அதே இருவர், அதே முடிவு, வித்தியாசம் மட்டும் எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. இரண்டு பேரும் அவரவர் கட்சியில் ஊறியவர்கள். செட்டப் என்று சொல்பவர்கள், தேர்தல் முடிந்த பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யார் ஜெயித்தாலும் எம்.எல்.ஏ. உள்ளூர்க்காரர்தான் என்று முன்கூட்டியே தெரிந்தது.

அந்த 2019 தேர்தல்ல துப்பாக்கிச் சூடுன்னு கேள்விப்பட்டேனே?

வாக்குப்பதிவு ஏப்ரல் 18. அதற்கு இரண்டு நாள் முன் ராத்திரி ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகக் கட்டடத்தில் வருமான வரித் துறை சோதனைக்குப் போனது. கூட்டம் மறித்தது, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. 1.48 கோடி ரூபாய் பிடிபட்டதாக அறிவித்தார்கள். 94 கவர்கள், ஒவ்வொன்றிலும் வார்டு எண், ஓட்டு எண்ணிக்கை, தலைக்கு 300 என்று எழுத்து. அதே நாளில் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் புகாரால் ரத்தானது. இங்கே ரத்தாகவில்லை.

ஒரே நாள்ல எம்.பி.க்கு ஒரு கட்சி, எம்.எல்.ஏ.வுக்கு வேற கட்சியா?

2019இல் மேஜையில் இரண்டு இயந்திரம். எம்.பி. இயந்திரத்தில் ஒரு 'பீப்', எம்.எல்.ஏ. இயந்திரத்தில் இன்னொரு 'பீப்'. ஒரு அம்மா முதல் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட்டார், திரும்பக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார்கள். முடிவில் தேனி எம்.பி. பதவி அதிமுகவின் ரவீந்திரநாத்துக்கு, தமிழ்நாட்டில் அக்கட்சி வென்ற ஒரே இடம். அதே தொகுதிக்குள் ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடங்கள் இரண்டும் திமுகவுக்கு. எம்.பி.க்கு நின்றவர்களில் தினகரன் கட்சியான அமமுகவின் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர், தோற்றார். அதே ஆண்டு திமுகவில் சேர்ந்தார், 2021இல் போடியில் ஓ.பன்னீர்செல்வத்திடம் தோற்றார், 2024இல் தினகரனையே தோற்கடித்துத் தேனி எம்.பி. ஆனார். 2001இன் மாற்று வேட்பாளர்!

ஆண்டிபட்டில ஜெயிச்சா ஆட்சியாமே? ராசியான தொகுதியா?

எண்ணிப் பார்த்தேன். 1980 முதல் 2021 வரை பத்துப் பொதுத்தேர்தல். அதில் ஒன்பதில் இங்கே வென்ற கட்சியே கோட்டையைப் பிடித்தது. தவறிய ஒன்று 2006, அதுவும் ஜெயலலிதாவே நின்ற தேர்தல். முதல்வர் நின்றும் ராசி பலிக்கவில்லை என்றால் அது என்ன ராசி? மாநிலத்தில் அடிக்கிற காற்று கணவாய் வழியாக இங்கேயும் அடிக்கிறது, அவ்வளவுதான். 2019 இடைத்தேர்தலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஆளும்கட்சி தோற்ற கணக்கு ஒன்று கூடும்.